அஞ்சலை அக்காவின் வாசனை

என் அக்காவின் வாசனை எது என்று இன்று யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மரிக்கொழுந்தும் வெட்டிவேரும் என்று சொல்வேன். சொல்லிவிட்டு, அது அவளிடமிருந்து எனக்கு வந்த நினைவா, அவள் செத்த பிறகு நான் கிண்ணங்களில் கலந்து கலந்து உண்டாக்கியதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் வேறொரு வாசனை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை அங்கே உட்காரவைத்தது நான்தான். ஆகவே இதில் நான் சொல்கிற நாட்களை நம்பலாம், பேச்சை நம்பலாம். அவளுடைய வாசனையைப் பற்றிச் சொல்வதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பெயர் அஞ்சலை. எங்கள் ஊர் வடக்கனந்தல். அவளைக் கட்டிக்கொடுத்தது உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் களமருதூரில், தனசேகரன் என்பவருக்கு. எட்டு ஏக்கர் நஞ்சை, மோட்டார் கொட்டகை, ஊர்ச் சங்கத்தில் செயலாளர் பதவி. கல்யாணத்துக்கு முன் அக்கா கள்ளக்குறிச்சிக்கு மூன்று மாதம் போய் மெழுகுவர்த்தி செய்யக் கற்றிருந்தாள். சீர்ப் பாத்திரங்களோடு ஓர் அலுமினிய அச்சையும் எடுத்துப்போனாள். ஒரு தடவைக்கு ஆறு விழும். கரண்ட் போகாத நாளே இல்லாத காலம் அது. தெருவில் எல்லோரும் அவளிடம்தான் வாங்கினார்கள். விற்கிற மெழுகுவர்த்தியில் வாசனை போடமாட்டாள். வீட்டில் ஏற்றுவதற்கு மட்டும், தன் தலைக்குத் தடவுகிற எண்ணெயை மெழுகில் இரண்டு மூடி ஊற்றுவாள். அந்த எண்ணெயை அவளே கூட்டுவாள். என்னென்ன சேர்க்கிறாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. நான் கேட்டபோது, "நீ புஸ்தகம் படிக்கறவதான, படிச்சே கண்டுபுடி" என்று சிரித்தாள்.

எண்பத்தேழு செப்டம்பரில் எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். தனசேகரன் மாமா முதல் நாளிலிருந்தே உளுந்தூர்பேட்டைக் கூட்ரோட்டில் இருந்தார். பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை ஏற்றிவந்த காருக்காக, ஆட்களைக் கூப்பிட்டு மரத்தைப் புரட்டி வழிவிட்டார் என்று பின்னால் மேடைகளில் பேசினார்கள். அது உண்மைதான்.

மூன்றாம் நாள் சாயந்திரம் அக்கா செத்துப்போனாள். வாந்திபேதி என்றார்கள். மறுநாள் விடிந்ததும், பிணம் தாங்காது என்று மாமாவின் தம்பி வெங்கடேசனே கொள்ளி வைத்தான். ஆள் போய்ச் சொல்லி மாமா வந்துசேர்ந்தபோது உச்சிப்பொழுது ஆகிவிட்டதாம். வெங்கடேசன் சைக்கிளில் வரப்பு வழியாக வந்து எங்களுக்குச் செய்தி சொன்னான். அப்பாவும் அம்மாவும் நானும் ஒன்றரை நாள் நடந்து போனோம். பால் தெளித்து முடித்திருந்தார்கள். மாமா என் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"ஊருக்காகப் போயி நின்னனே மாமா, எம் பொண்டாட்டி மொகத்தக் கடைசியா ஒருவாட்டி பாக்கலியே!"

அந்த வாசகம் ஊர் ஊராகப் போயிற்று. அவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அக்கா புருஷனுக்குத் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. அக்காவின் மகள் அபிநயாவுக்கு அப்போது நான்கு வயது. பதினாறாம் நாள் காரியத்தில் இலை எடுப்பதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். வருடத் தெவசம் கழிந்து ஐப்பசியில் கல்யாணம். அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் களமருதூரில் இருக்க வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

அடுத்த வருடம் ஆனி மாதம் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்த கடிதம் வடக்கனந்தலிலிருந்து வந்தது. கடலூரில் சேர வேண்டும். புரட்டாசி கடைசி வரை அவகாசம். நாலு நாள் அதைப் பாவாடை நாடாவில் செருகிவைத்திருந்தேன். ஐந்தாம் நாள் மாமா சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னேன்.

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்கு என்னப் புடிக்கல."

"அப்பிடி இல்லீங்க மாமா."

"புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. நான் இன்னா உன்னக் கடிச்சா துன்னுடுவேன்?" சிரித்தார். பிறகு அக்காவின் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தித் துண்டைக் கையில் எடுத்தார். அவள் செய்து வைத்திருந்ததில் கடைசி. திரி கருகி, விரல் நகம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. "ஒண்ணு பண்ணு. இதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடு. அதே வாசன. தெவசத்தன்னிக்கி ஏத்தணும். செஞ்சிட்டன்னா நீ போயி படி. உங்கப்பன்கிட்ட நானே பேசறேன். எனக்கு அந்த வாசன இருந்தாப் போதும், வேற பொண்டாட்டி வேணாம்."

"வரலன்னா?"

"வரலன்னா நீதான். உனக்கு அவ சாட கொஞ்சம் கீது."

அன்று முதல் எனக்கு வேறு வேலை இல்லை. கள்ளக்குறிச்சி நாட்டுமருந்துக் கடையிலிருந்து மரிக்கொழுந்துத் தைலம், வெட்டிவேர்த் தைலம், சந்தனாதி என்று சின்னச் சின்னப் புட்டிகளை வெங்கடேசன் வாங்கிவந்தான். மெழுகு கொதிக்கும்போது தைலத்தை ஊற்றினால் வாசனை ஆவியாக ஓடிவிடும். ஆடை கட்டத் தொடங்கிய பிறகு ஊற்றினால் சேராமல் அடியில் போய் நின்றுகொள்ளும். நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. அதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அச்சின் உட்பக்கம் கடலையெண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி இடுப்பில் உடைந்துகொண்டு வரும். அந்தக் கடலையெண்ணெயும் ஒரு வாசனை. அதை அக்கா எப்படி மறைத்தாள் என்று யோசித்துக்கொண்டே பல மத்தியானங்கள் போயின.

முதல் மெழுகுவர்த்தியை மாமா முகர்ந்துவிட்டு, "இது கல்யாண மண்டபம்" என்றார். இரண்டாவதற்கு, "நாட்டுமருந்துக் கட." மூன்றாவதை ஏற்றச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஊதி அணைத்தார். "இது எவளோ ஒருத்தி. அவ இல்ல."

அவருடைய அம்மா பெரியநாயகி அடுப்படி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"செத்தவள மெழுவுல தேடிக்கினு கீறான் எம் புள்ள. இவ இன்னாடான்னா கிண்ணி கிண்ணியாக் கலக்கிக்கினு கீறா. ஏண்டி, ஒரு ரசம் ஒழுங்கா வைப்பியா நீ?"

"வைப்பேன் அத்த."

"எங்க, வாசன வர மாதிரி வையி பாக்கலாம்."

நான் சரிபார்த்தது மாமாவிடம் அல்ல, அபிநயாவிடம். ஒவ்வொரு மெழுகுவர்த்தியையும் முதலில் அவள் மூக்கருகே கொண்டுபோவேன். "அம்மா இல்ல" என்பாள். ஐந்தாவதற்கு, "கொஞ்சம் அம்மா" என்றாள். அதில் என்ன குறைகிறது என்று கேட்டேன். கண்ணை மூடி யோசித்து, "புல்லு" என்றாள்.

புல் என்றதும் எனக்குக் கல்வராயன் மலை நினைவு வந்தது. அக்கா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் வெள்ளிமலைப் பக்கம் போய்த் தேன்மெழுகு வாங்கிவருவாள். அப்பாவை அழைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் மேலே போனேன். முனியன் என்ற ஆள் பானை வைத்துச் சுக்குநாறிப் புல்லிலிருந்து தைலம் இறக்கிக்கொண்டிருந்தான். அந்த இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே கசப்பாக, உள்ளே எலுமிச்சை போல, அடியில் சுக்கு. அவள் பின்னலை அவிழ்க்கும்போது முதலில் எழுவது இதுதான்.

"அஞ்சலப் பொண்ணு தங்கச்சியா? மொகம் அப்பிடியே கீது," என்றான் முனியன். "போன ஆவணில வந்துச்சி. கண்ணுக்குக் கீழ கன்னிப்போயிருந்துச்சி. கேட்டன், மாடு முட்டிச்சின்னுச்சி. மாடு கண்ணுல பாத்தா முட்டும்?"

அவன் சிரித்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது மெழுகுவர்த்தியில் அந்தத் தைலத்தைச் சேர்த்தேன். அச்சைப் பிரித்ததும் அபிநயாவிடம் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி, கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா" என்றாள். அதைத் திருப்பித் தர மாட்டேன் என்றாள். அன்று சாயந்திரம்வரை என் மனத்தில் கடலூர்தான் இருந்தது.

மாமா முகர்ந்தார். இரண்டாம் முறையும் முகர்ந்தார். "கிட்ட வந்துட்ட. ஆனா ஒண்ணு கம்மியா கீது."

"பாப்பா அம்மான்னுதுங்க மாமா."

"பாப்பாவுக்கு இன்னா தெரியும்? அவ வாசன எனக்குத் தெரியும்."

தெவசத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. புட்டியில் கடைசியாக இரண்டு மூடி மலைத் தைலம்தான் மிச்சம். எங்கள் வீடுகளில் எண்ணெய் அளக்கத் தனியாகச் சாமான் கிடையாது. காலி மருந்துப் புட்டியின் மூடிதான் அளவு. சமையலறை மாடத்தில் ஒரு மூடி எண்ணெய்க்கு, மோட்டார் கொட்டகை மாடத்தில் அதேபோல் ஒரு மூடி பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. மழை ஒழுகுகிறது என்று, வயலிலும் வீட்டிலும் வேலை செய்த குஞ்சம்மாள் கொட்டகைச் சாமான்களைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்திருந்தாள். நான் மூடியை எடுத்துத் தைலத்தை அளந்து ஊற்றினேன். மெழுகில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மூடியின் மரையில் காய்ந்து ஒட்டியிருந்த மருந்து கரைந்துவிட்டது. பூண்டு அழுகி மண்ணெண்ணெயில் விழுந்தது போன்ற நாற்றம், மரிக்கொழுந்துக்கு அடியில். கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தைலம் வேறு இல்லை. ஆறினால் போய்விடும் என்று அச்சைத் தண்ணீரில் இறக்கினேன்.

போகவில்லை. அச்சிலிருந்து எடுத்த மெழுகுவர்த்தியை ஒளித்துவைப்பதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார். கையிலிருந்து வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இதான்," என்றார். "ஏத்து."

மத்தியான வெளிச்சத்தில் சுடர் சரியாகத் தெரியவில்லை. வாசனை மட்டும் எழுந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அவர் அழுதார். "இதான் புள்ள. எம் மடில கெடந்தப்போ இதே வாசனதான். மூஞ்சியத் தொடச்சி உட்டுக்கினே இருந்தன், தொடச்சி உட்டுக்கினே இருந்தன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்கக் கூடாது. பெட்டி, கடலூர் பஸ், நூலகம் எல்லாம் ஒரு கணம் வந்து போயின. அதன் பிறகுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"எப்ப மாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அழுகை அப்படியே நின்றது. தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். மெழுகு உருகி ஒரு பக்கமாக வழிந்து தரையில் வெள்ளையாகப் படிந்தது.

"அவளேதான் குடிச்சா," என்றார் கடைசியில். "நான் ஊத்தல."

"நீங்க கூட்ரோட்ல இருந்ததாச் சொன்னாங்க."

"மத்தியானம் ஒருவாட்டி வந்தன். சண்ட. திரும்பிக் கெளம்பறேன், குடிச்சிட்டு வந்து எதுர்ல நிக்கறா."

"ஆஸ்பத்திரிக்கு?"

"ரோட்ல மரம் கெடந்துது."

"புள்ளத்தாச்சி காருக்கு மரத்தப் பொரட்னீங்களே மாமா."

அவர் தரையில் படிந்த மெழுகை நகத்தால் சுரண்டினார்.

"எவ்ளோ நேரம் இருந்தா?"

"பொழுது சாயறவரைக்கும். அப்பறம் வரப்பு மேலயே நடந்து கூட்ரோட்டுக்குப் போயிட்டன். காலைல ஆளு வந்து சொன்னப்போ அங்கதான் இருந்தன்."

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். "வாசன சரியா வந்துட்டுதுங்க மாமா. நான் போலாமா?"

"எங்க?"

"கடலூருக்கு. சொன்னீங்களே."

"இனிமே எப்பிடிப் போவ?" கோபம் இல்லாமல்தான் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இல்லை என்பதைப்போல. "இவ்ளோ தெரிஞ்சிக்கினவள வெளிய உட முடியுமா? இங்கியே இரு."

தெவசத்துக்கு முந்தின நாள் அப்பா வந்தார். களத்துமேட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவரோடு அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பெயர் கந்தசாமி. ஊரில் நியாயம் பேசுகிறவர் என்று பெயர் எடுத்தவர்.

"தெரியும்," என்றார்.

"எது தெரியும்?"

"குஞ்சம்மா அன்னிக்கே சொன்னா. அவ பாத்தா, வாயில நொரயோட."

"தெரிஞ்சுமா என்ன இங்க கொண்ணாந்து உட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான்டி உட்டன். கொழந்தய இவுங்ககிட்ட வுட்டுட்டுப் போவச் சொல்றியா? கேஸு போடலாம். மறியல்ல நின்னவன் மேல கேஸு போட்டான் பாருன்னு நம்ம ஊரே நம்ம மூஞ்சில துப்பும். உங்கக்கா திரும்பி வருவாளா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவ பயந்தவ. நீ அப்பிடி இல்ல. சமாளிச்சிக்குவ."

மறுநாள் விருந்தில் அப்பா வடை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

படையல் போட்டதும் மாமா என் பக்கத்தில் வந்து, "அந்த எட்டாவத ஏத்து, அத ஏத்தாத" என்று மெதுவாகச் சொன்னார். நான் ஒன்பதாவதை ஏற்றினேன். புருஷன் முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அய்யர் சொல்லச் சொல்லப் பிண்டம் வைத்தார். அவருடைய முகத்துக்கும் சுடருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. "அஞ்சல வாசன அப்பிடியே அடிக்குது பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவும் முடியாமல், இரண்டு மணி நேரம் அவர் அதை முகர்ந்தார். நான் தூணோரம் நின்று பார்த்தேன். அன்றுதான் எனக்கு வழி தெரிந்தது.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது.

பூச்சிமருந்தை நான் மறுபடி தொடவில்லை. குழந்தை இருக்கிற வீடு. அதே நாற்றத்தை வேறு விதமாகக் கொண்டுவரப் பழகினேன். பூண்டை நசுக்கி ஒரு வாரம் புளிக்கவிட்டு, அந்தச் சாற்றை மலைத் தைலத்தில் போட்டு ஊறவைத்து வடிகட்டி, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். மரிக்கொழுந்து எப்போதும்போல. நாலைந்து மாதத்தில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அமாவாசைக்கு அமாவாசை அக்கா படத்துக்கு முன்னால் அதை ஏற்றி, அதன் எதிரில் அவருக்கு இலை போடுவேன். அவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று அபிநயா கேட்பாள். ஊருக்கும் தெரியும், அவர் பெண்டாட்டியின் வாசனைக்காக ஏங்கினவர் என்று. மூச்சை அடக்கிக்கொண்டு சாப்பிடுவார். அவருக்கு மூச்சு முட்டும்வரை நான் ரசத்தை ஊற்றாமல் காத்திருப்பேன்.

எண்பத்தொன்பதில் எங்கள் சாதியையும் சேர்த்து இருபது விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. களமருதூரில் மாமாவுக்கு மாலை போட்டார்கள். பேசியவர்கள் எல்லோரும், கடைசி நேரத்தில் பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காத தியாகம் என்றார்கள். அன்று அமாவாசை இல்லை. இருந்தாலும் ஏற்றினேன்.

அபிநயாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் எனக்கு ஏதோ தோன்றி, பூண்டும் மண்ணெண்ணெயும் இல்லாமல் பழைய எட்டாவது மெழுகுவர்த்தியைப்போலவே ஒன்று செய்தேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஏற்றி, மூக்கருகே காட்டினேன்.

"நல்லா கீது சின்னம்மா," என்றாள். "ஆனா இதுல அம்மா இல்ல. ஒண்ணு கம்மியா கீது."

அதற்குப் பிறகு நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கும் எட்டாவது எப்படியிருந்தது என்பது மறந்து வருகிறது.

பெரியநாயகி தொண்ணூற்று மூன்றில் செத்தாள். வெங்கடேசன் உளுந்தூர்பேட்டையில் பைபாஸ் ஓரம் ஓட்டல் வைத்திருக்கிறான். குஞ்சம்மாள் மகன் வீட்டோடு திருப்பூருக்குப் போனாள், அங்கேயே இறந்ததாகச் சொன்னார்கள். முனியன் இருக்கிறானா என்று தெரியாது. இப்போது புல் தைலம் கடையில் கிடைக்கிறது. அப்பா படுக்கையில் விழுந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நான் மூன்றாம் நாள் போனேன், எரித்திருந்தார்கள். அம்மா அதற்கு அடுத்த வருடம். தனசேகரனுக்கு இரண்டாயிரத்துப் பதினொன்றில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் நான்தான் பார்த்தேன். மெழுகுவர்த்தியை அந்த அறைக்குள் மாற்றி வைத்தேன். அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. பதினைந்தில் செத்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அபிநயா இடஒதுக்கீட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்து விழுப்புரத்தில் டீச்சராக இருக்கிறாள். வருடா வருடம் புரட்டாசியில் வந்து, அம்மா வாசனை என்று ஆறு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போகிறாள். அது எதன் வாசனை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அச்சு இன்னும் நன்றாக இருக்கிறது.